வயது கேட்கும் பில்லிங் சாஃப்ட்வேர்: புகையிலை, வேப் விற்கும் கவுண்டருக்கு இது போதுமா?

சிகரெட்டும் வேப்பும் (மின்சிகரெட்) விற்கும் கடைகளுக்காகவே செய்தது என்று சொல்லி விற்கப்படும் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரை எங்கள் கவுண்டரில் போட்டிருக்கிறோம். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதில் உள்ள குறைகளில் சில, நான் டெமோ பார்த்த மற்ற சாஃப்ட்வேர்களிலும் இருந்தன. அதனால் பெயரைவிட, வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நான் ஷிப்ட் சூப்பர்வைசர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு கவுண்டர் வேலை சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. ஆகவே இந்த மாதிரி எதை வாங்கினாலும் ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன்: பின்னால் வரிசை நீண்டு கிடக்கும்போது, வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன ஒரு பையன், தன்னைவிட ஆஜானுபாகுவான ஒருவரிடம் "ஐடி இல்லாமல் தர முடியாது" என்று சொல்ல இது துணை நிற்குமா? சட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் அது நிற்பதும் விழுவதும் அந்தச் சில விநாடிகளில்தான். உரிமம் முதலாளி பெயரில் இருக்கிறது. முகத்துக்கு நேராக ஏச்சு வாங்குவது சம்பளம் குறைந்த, வயதும் குறைந்த அந்தப் பிள்ளை. பல நாடுகளில் விற்ற ஊழியர் மீதே அபராதமும் விழும்.

இந்த சாஃப்ட்வேரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை முதலில் சொல்கிறேன். பாக்கெட்டை ஸ்கேன் செய்ததும் பில் அங்கேயே நின்றுவிடுகிறது. திரையின் மேல்பாதியில் பெரிய எழுத்தில் ஒரு தேதி வருகிறது: சட்டப்படி விற்கலாம் என்ற வயது எத்தனையோ, இன்றைக்குச் சரியாக அத்தனை வருடத்துக்கு முந்தைய தேதி. "இந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்தவருக்கு மட்டும்" என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே ஐடியைப் பார்த்துப் பிறந்த தேதியை அடிக்க ஒரு கட்டம். அடித்தால்தான் அடுத்த பொருளுக்கே போகும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கவுண்டரில் நடக்கும் தவறுகளில் பாதி கழித்தல் கணக்கில் வருவது. பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து "பதினெட்டு ஆயிடுச்சு" என்று முடிவு கட்டுவார்கள். பிறந்த மாதம் நவம்பர், இப்போது ஜூலை என்பது கண்ணில் படாது. இங்கே மனக்கணக்குக்கே வேலையில்லை. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

வருத்தம் என்னவென்றால், நிறுவும்போது இந்த வசதி அணைந்தே இருக்கிறது. தானாக வருவது "வாங்குபவருக்கு வயது ஆகிவிட்டதா? ஆம் / இல்லை" என்ற பெட்டி. அப்படிப்பட்ட பெட்டியை நான் எந்தக் கடையிலும் நம்பமாட்டேன். ஒரே வாரத்தில் விரல் தானாக "ஆம்" பக்கம் போகப் பழகிவிடும். ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பட்டன் அமுக்கப்படும், பதிவில் மட்டும் "வயது சரிபார்க்கப்பட்டது" என்று ஏறிவிடும். நாளைக்கு விசாரணை வந்தால் அந்தப் பிள்ளை பொய் சொன்னதாக அந்தப் பதிவே சாட்சி சொல்லும். தேதி அடிக்கும் முறைக்கு மாற்ற, அமைப்புகளுக்குள் போய், விற்பனைக்குள் போய், கட்டுப்பாடுகள் என்ற பக்கத்தின் அடியில் தேட வேண்டும். வேகமாக பில் போட வேண்டும் என்று கடைக்காரர்கள்தான் கேட்கிறார்கள் என்று கம்பெனி ஆள் சொன்னார். கேட்பார்கள்தான். அதற்காக ஆபத்தானதை முன்னால் வைக்கலாமா?

அடுத்தது, ஐடி கேட்கும் வயது. சட்டப்படி விற்கலாம் என்ற வயது வேறு, ஐடி கேட்டே ஆக வேண்டும் என்ற வயது வேறு. இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள், அது நல்ல யோசனை. 18 வயதானவரை முகத்தைப் பார்த்து 17 வயதானவரிடமிருந்து பிரிக்க யாராலும் முடியாது. அதனால்தான் பிரிட்டனில் 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் ஐடி கேள் என்ற வழக்கம் வந்தது. ஸ்காட்லாந்தில் புகையிலையும் வேப்பும் விற்கும் கடைகள் அப்படி ஒரு நடைமுறை வைத்திருப்பது 2017 முதல் சட்டக் கட்டாயம். அமெரிக்காவில் விற்கும் வயது 2019 டிசம்பரில் 21 ஆனது. 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் புகைப்பட ஐடி பார்த்தே விற்க வேண்டும் என்பது 2024 செப்டம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் அந்த வரம்பு 27.

இந்த 27-ஐ ஏன் சொல்கிறேன் என்றால், சாஃப்ட்வேரோடு வரும் நாட்டு டெம்ப்ளேட்களை, அதாவது ஒவ்வொரு நாட்டு விதிக்கும் முன்கூட்டியே போட்டுவைத்த அமைப்புகளை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லா நாடும் எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் வேலையை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். அமெரிக்க டெம்ப்ளேட்டில் இன்னும் 27 என்றே இருக்கிறது. விதி மாறியதும் நாங்களே மாற்றிவிடுவோம் என்று விளம்பரத்தில் எழுதியிருக்கும் கம்பெனி இது. டெம்ப்ளேட்டை நம்பி விடாதீர்கள். உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறையின் விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் ஒத்துப் பாருங்கள். இந்தியா, சிங்கப்பூர் டெம்ப்ளேட்களில் வேப் பிரிவு மொத்தமாகப் பூட்டியிருந்தது. அது சரி. இரண்டு இடத்திலும் அதை விற்கவே கூடாது. சிங்கப்பூரின் குறைந்தபட்ச வயது 21 என்பதும் சரியாக இருந்தது.

இன்னொரு சங்கடம் அடிப்படையிலேயே இருக்கிறது. வயது என்பதை இவர்கள் ஒரு எண்ணாக மட்டும் வைத்திருக்கிறார்கள்: 18, 19, 21. மாலத்தீவில் 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குப் புகையிலை எப்போதுமே விற்கக் கூடாது என்ற விதி 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. அங்கே வரம்புத் தேதி நாளுக்கு நாள் நகராது, ஒரே இடத்தில் நிற்கும். நியூசிலாந்தும் 2022-ல் அப்படி ஒரு சட்டம் போட்டு 2024-ல் திரும்பப் பெற்றது. இந்த மாதிரி விதியை இந்த சாஃப்ட்வேரில் எழுத இடமே இல்லை. "வயது" கட்டத்தில் எந்த எண்ணைப் போட்டாலும் அடுத்த வருடம் தப்பாகிவிடும். நிலையான பிறந்த தேதி ஒன்றைப் போட ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். பெரிய வேலை இல்லை அது.

இனி வேப். இங்கேதான் இந்த சாஃப்ட்வேர் தடுமாறுகிறது, இங்கேதான் கடைகளும் தடுமாறுகின்றன.

சிகரெட் என்றால் எல்லாருக்கும் தெரியும், அது ஒரே வகைப் பொருள். வேப்பில் சாதனம் தனி, பாட் (திரவம் நிற்கும் சின்னக் குப்பி) தனி, காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பி) தனி, திரவம் தனி. சாஃப்ட்வேர்க்காரர்கள் திரவத்தைப் "புகையிலை, நிகோடின்" பிரிவில் சேர்த்துவிட்டார்கள். காலியாக விற்கும் பாட் சாதனம் "மின்னணுப் பொருட்கள்" பிரிவில் கிடக்கிறது, சார்ஜர் கேபிளுக்குப் பக்கத்தில். ஸ்கேன் செய்தால் வயதே கேட்பதில்லை. பள்ளிப் பிள்ளை ஒருவன் சாதனத்தை மட்டும் வாங்கிப் போனால் இந்த மெஷின் வாயே திறக்காது. நிகோடின் இல்லாத திரவத்துக்கும் இதே நிலைதான். சில நாடுகளில் அதற்கும் வயது வரம்பு உண்டு, சிலவற்றில் இல்லை. எங்கள் கடையில் வேப் என்று பெயர் வரும் எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து வயதுக் கட்டுப்பாட்டுக்குள் நகர்த்தினேன். காயில் முதல் காலிப் பாட்டில் வரை. சட்டம் கேட்காத இடத்திலும் கேட்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

சரக்கு உள்ளே வரும்போது நிகோடின் அளவைச் சோதிக்கும் வசதி நன்றாக இருக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி ஒரு மில்லி லிட்டரில் நிகோடின் 20 மி.கி. தாண்டக் கூடாது, ரீஃபில் பாட்டில் 10 மி.லி.க்குள், சாதனத்தில் திரவம் நிற்கும் டாங்க் 2 மி.லி.க்குள் இருக்க வேண்டும். அந்த டெம்ப்ளேட்டில் இதைவிடக் கூடுதலாக எதை ஏற்றினாலும் சரக்குப் பதிவே ஆகவில்லை, சிவப்பில் காரணத்தோடு நின்றுவிட்டது. வரம்பு மீறிய வேப் கடைக்குள் வருவது பெரும்பாலும் சப்ளையர் மலிவாகத் தருகிறார் என்று அவசரத்தில் வாங்கிப் போடுவதால்தான். ஷெல்ஃபுக்குப் போகும் முன்பே வாசலில் தடுப்பது சரியான இடம்.

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப் விஷயத்தில் அதே கவனம் இல்லை. பெல்ஜியம் 2025 ஜனவரி 1 முதல் அவற்றைத் தடை செய்தது, பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல். பிரிட்டன் விதியில் ஒரு வேப் தடையிலிருந்து தப்ப வேண்டுமானால் சார்ஜும் செய்ய முடிய வேண்டும், திரும்ப நிரப்பவும் முடிய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. சாஃப்ட்வேரில் "சார்ஜ் செய்யலாம்" என்ற ஒரே ஒரு டிக் கட்டம்தான் இருக்கிறது. அதை டிக் செய்தால் பச்சை விளக்கு. யூஎஸ்பி ஓட்டை மட்டும் வைத்து, நிரப்ப வழியே இல்லாமல் வரும் சாதனங்கள் அப்படியே உள்ளே நுழைந்துவிடும். அரைகுறையாகத் தெரிந்து செய்த வேலை. தெரியாமலே விட்டிருந்தால் நாமாவது பார்த்திருப்போம். பச்சை விளக்கைப் பார்த்தபின் யார் பெட்டியைத் திருப்பிப் படிக்கப் போகிறார்கள்?

வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும் சின்னத் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்யும் பொருளின் படம் அதில் வரும், பில் போடாத நேரத்தில் சலுகை விளம்பரங்கள் ஓடும். புகையிலையைக் கண்ணில் படாமல் மூடி வைக்க வேண்டும் என்று ஐஸ்லாந்து 2001-ல் விதி கொண்டுவந்தது, அதன்பின் பல நாடுகள் அதே வழியில் போயின. ஷட்டர் போட்ட அலமாரிக்குள் பாக்கெட்டை மறைத்துவிட்டு, கவுண்டர் மேல் பளபளக்கும் திரையில் அதே பாக்கெட்டின் படத்தைக் காட்டினால் என்ன அர்த்தம்? புகையிலை, வேப் பிரிவுக்குப் படத்தை நிறுத்திவைக்க வழி இருக்கிறது, ஆனால் அதையும் நாமே தேடிப் போய் நிறுத்த வேண்டும். லாயல்டி பாயின்ட்டும் அப்படியே. நிறுத்தாவிட்டால் சிகரெட்டுக்கும் பாயின்ட் ஏறிக்கொண்டே இருக்கும்.

உதிரியாக விற்பதையும் கவனியுங்கள். பேட்டரி போன்ற பொருட்களுக்கு "பாக்கெட்டை உடைத்து விற்க" என்ற வசதி உண்டு. அது சிகரெட்டுக்கும் திறந்தே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2005-ல் நடைமுறைக்கு வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. அதன் 16-ஆவது பிரிவு முழுக்க நம் கவுண்டரைப் பற்றியது: வயது குறைந்தவருக்கு விற்காதே, சந்தேகம் வந்தால் வயதுச் சான்று கேள், கைக்கெட்டும் அலமாரியில் வைக்காதே, சிகரெட்டை ஒற்றை ஒற்றையாக விற்காதே, வயது குறைந்தவரை வைத்து விற்கவும் செய்யாதே. ஒற்றைச் சிகரெட்டுக்குக் காசு கம்மி. பிள்ளைகள் கையில் இருக்கும் காசுக்கு எட்டுவது அதுதான், பாக்கெட் மேல் இருக்கும் எச்சரிக்கைப் படமும் அவர்கள் கண்ணில் படாது. புகையிலைக் கடைக்கென்றே செய்த சாஃப்ட்வேரில் இந்தக் கதவு திறந்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊழியர் வயது விஷயத்தில் அவர்களுக்கு முழு மார்க். ஊழியர் கணக்கு திறக்கும்போதே பிறந்த தேதி கேட்கிறது. வயது போதாதவர் லாகின் செய்திருந்தால் சிகரெட் பில் ஆகாது, வேறு ஒருவர் வந்து தன் பின் நம்பர் போட வேண்டும்.

ஆனால் அந்தப் பின் நம்பர் வழியேதான் பெரிய ஓட்டையும் இருக்கிறது. சூப்பர்வைசர் பின் போட்டால் வயதுக் கேள்வியையே தாண்டிப் போகலாம். "அவசரத்துக்கு" என்று விளக்கம் சொன்னார்கள். சிகரெட் விற்பதில் என்ன அவசரம்? எந்தக் கடையிலும் சூப்பர்வைசர் பின் ரகசியமாக இருந்ததில்லை, கவுண்டரில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டில்கூடப் பார்த்திருக்கிறேன். எங்கள் கடையில் அந்த அனுமதியை எல்லார் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டேன், என் கணக்கிலிருந்தும்.

அப்படி எடுத்தபின் நடந்ததைச் சொல்கிறேன். மாலை நேரம், நல்ல கூட்டம். வாட்டசாட்டமான இளைஞர் ஒருவர் ஒரு பாட் பாக்கெட் கேட்டார். கவுண்டரில் எங்கள் புதுப் பையன். ஐடி கேட்டான். "போன வாரம் குடுத்தீங்களே, இப்ப என்ன புதுசா?" என்று அவர் குரலை உயர்த்தினார். முன்பெல்லாம் இந்த இடத்தில் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், கண்ணில் கெஞ்சல் இருக்கும். இவன் திரையை அவர் பக்கம் திருப்பினான். "அண்ணா, பிறந்த தேதி போடாம இது நகராது. யாராலயும் நகர்த்த முடியாது, அக்காவால கூட" என்று என்னைக் காட்டினான். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். பையன் மறுப்புப் பட்டனை அமுக்கி, "ஐடி இல்லை" என்பதைத் தொட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான். கை நடுங்கவில்லை. இதற்காகத்தான் காசு கொடுத்து வாங்கினோம்.

அந்த மறுப்புப் பதிவு நன்றாகவே செய்திருக்கிறார்கள். இரண்டே தொடுதலில் முடிந்துவிடும். ஐடி இல்லை, வயது போதாது, ஐடி சந்தேகம், வேறொருவருக்காக வாங்குகிறார் என்று நான்கு காரணங்கள். கடைசிக் காரணத்தை வைத்தவர் கவுண்டரில் நின்று பழகியவராகத்தான் இருக்க வேண்டும். வெளியே நிற்கும் பள்ளிச் சீருடையிடம் காசு வாங்கிக்கொண்டு உள்ளே வரும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து அப்படி வாங்கிக் கொடுப்பதே குற்றம். மறுத்த தேதி, நேரம், காரணம் மூன்றும் மாதக் கடைசியில் ஒரே தாளில் அச்சாகிறது. ஆய்வுக்கு வருபவரிடம் இதை நீட்டினால், கடை கண்ணை மூடிக்கொண்டு விற்கவில்லை என்பது உடனே தெரியும். வாங்க வந்தவரின் பிறந்த தேதியைச் சேமிப்பதில்லை, கணக்குப் பார்த்ததும் அழித்துவிடுகிறது. அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஐடியின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளும் சாஃப்ட்வேரும் ஒன்று பார்த்தேன், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வயது குறைந்தவருக்கு விற்பதில்லை என்று கடையில் வைக்கும் அறிவிப்புப் பலகையை அச்சடிக்கும் வசதி வீண். ஏ4 அளவில் மட்டும் வருகிறது. இங்கிலாந்து விதிக்கு ஏ3 தாள் வேண்டும், எழுத்து 36 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. இந்திய விதியில் பலகை குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. வெளியே கொடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள்.

முகத்தைப் பார்த்து வயது சொல்லும் கேமரா ஒன்றைத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தருகிறார்கள். நாங்கள் வாங்கவில்லை. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024-ல் இந்த வகை மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், நல்ல படத்திலேயே சராசரியாக மூன்று வயதுக்கு மேல் பிசகு வந்தது. படத்தின் தரம், ஆணா பெண்ணா, எந்தப் பகுதியில் பிறந்தவர் என்பதைப் பொறுத்தும் பிசகு மாறியது. மூன்று வயது பிசகினால் 15 வயதுப் பிள்ளை 18 ஆகிவிடும். வெளிப்படையாக 50 வயது தெரிபவரிடம் ஐடி கேட்காமல் இருக்க மட்டும் அது உதவலாம், அதற்கு நமக்கே கண் இருக்கிறது.

கடைசியாக, இந்த சாஃப்ட்வேரின் மிக மோசமான குறை. இன்டர்நெட் போய்விட்டால் மெஷின் ஆஃப்லைன் முறைக்கு மாறி பில் போட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் வயதுக் கேள்வி வருவதில்லை. கட்டுப்பாட்டுப் பட்டியல் சர்வரில் இருக்கிறதாம். நெட் போன நேரத்தில் பிள்ளைகள் பதற்றத்தில் இருப்பார்கள், வரிசை நீளும், பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான். டெமோவில் இதைக் காட்டமாட்டார்கள். நீங்களே கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு பாக்கெட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். நெட் போனால் புகையிலை விற்பனையே கிடையாது என்று இப்போது எங்கள் கவுண்டரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ஐந்துக்கு மூன்று தருகிறேன். தேதி அடிக்கும் திரைக்கும் மறுப்புப் பதிவுக்கும் அந்த மூன்று. ஆஃப்லைன் கோளாறு, பாட் சாதனத்தின் பிரிவு, ஒற்றைச் சிகரெட் விற்பனை ஆகிய மூன்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆஃப்லைனுக்கு மட்டும் அடுத்த அப்டேட்டில் வழி செய்வதாகப் பதில் வந்திருக்கிறது. வந்ததும் கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.